கெண்டைக்காலுக்கு எந்த அணி?

எங்கள் கபடி அணிக்கு வைத்தியம் பார்த்த அக்காவுக்குக் கபடி தெரியாது. கடைசிவரை தெரிந்துகொள்ளவும் இல்லை. மைதானத்து ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். சுற்றிலும் ஊரே கத்திக்கொண்டிருக்கும். அவர் பார்ப்பதெல்லாம் கால்களை மட்டும்தான். யார் அவுட், யாருக்கு எத்தனை பாயிண்ட் என்பதெல்லாம் அவர் கண்ணிலேயே விழாது. ஆட்டம் முடிந்து மண்ணைத் தட்டிக்கொண்டு நாங்கள் வெளியே வந்தால் முதல் கேள்வி இப்படித்தான் வரும்.

"தம்பி, உங்க வலது குதிகால் தரையில பதியவே மாட்டேங்குதே. ஏன்?"

"ஜெயிச்சுட்டோம்க்கா!"

"சரி சரி. அந்தக் காலைக் காட்டுங்க."

பழங்காநத்தத்தில் ஒரு மிட்டாய்க் கடைக்கு மேல்மாடியில் அவருடைய சிகிச்சை நிலையம் இருந்தது. வாசலில் 'மென்திசு சிகிச்சை, நெகிழ்வுப் பயிற்சி' என்று ஒரு பலகை. நல்ல தமிழில் எழுதவேண்டும் என்று ஆசைப்பட்டு எழுதியது. அதனால் ஒருவருக்கும் புரியவில்லை. பலகை மிட்டாய்க் கடையின் பெயர்ப்பலகைக்கு நேர் மேலே இருந்ததால், மென்திசு என்பது புதிதாக வந்திருக்கும் ஒரு இனிப்பு என்று நினைத்து, "கால் கிலோ எம்புட்டுண்ணே?" என்று கீழே கேட்டவர்கள் உண்டு.

அவர் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண். வீட்டில் எல்லோரும் ஜவுளி வியாபாரம். இவர் மட்டும் பிசியோதெரபி படித்துவிட்டு, துணியை விட்டுத் தசையைத் தொட்டுப் பார்க்கிற வேலைக்கு வந்தவர். ஆனால் தொட்டுப் பார்க்கிற விதம் என்னவோ ஜவுளிக்கடைக்காரர் விதம்தான். உங்கள் தொடையைக் கட்டைவிரலால் ஒரு இழுப்பு இழுத்து, "இந்த இடத்துல முடிச்சு இருக்கு" என்பார். நெய்த துணியில் குறை கண்டுபிடித்தவர் போலவே முகம் சுருங்கும்.

அவரை அணிக்குக் கூட்டிவந்தவர் பணம் போட்டு அணியை நடத்திய எங்கள் தலைவர். மதுரைக்கு மேற்கே தலைமுறை தலைமுறையாக விவசாயம் பார்த்த குடும்பம். அவர் காலத்தில் வயலில் நாற்று நடுவதை நிறுத்தி, கல் நட்டு, பிளாட் போட்டு விற்றார். டிவியில் வருகிற பெரிய கபடி அணிகளுக்கெல்லாம் தசை பிடித்துவிட ஒரு ஆள் ஓரத்தில் நிற்பதைப் பார்த்ததும், நமக்கும் ஒன்று வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார். ஒருநாள் சாயங்காலம் எங்களை வரிசையாக நிறுத்தி அறிமுகம் நடந்தது.

"டேய், இவங்க சாஃப்ட் டிஷ்யூ டாக்டரு. இனிமே நம்ம டீமுக்கு இவங்கதான்."

"ஓட்டல்ல கை தொடைக்கக் குடுப்பாய்ங்களே, அந்த டிஷ்யூவாண்ணே?" என்று பின்வரிசையில் ஒருவன் கேட்டான்.

எங்கள் கேப்டன் பாண்டி அண்ணன் அதற்குக்கூடச் சிரிக்கவில்லை. அவருக்கு இதில் உடன்பாடே கிடையாது. பகலில் லோடு வண்டி ஓட்டுவார், சாயங்காலம் கபடி. காளையைக் கொம்பில் பிடித்து நிறுத்துகிற கை. என் காதில் மெதுவாகச் சொன்னார். "ஏன் மாப்ள, நீட்டி மடக்குறதுக்கு நம்ம உடம்பு என்ன ஈஸி சேரா?"

அக்காவுக்குக் கேட்டுவிட்டது. "குனிஞ்சு கால் பெருவிரலைத் தொடுங்க தம்பி" என்றார்.

பாண்டி அண்ணன் குனிந்தார். கை முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே போய் நின்றுவிட்டது. மூச்சைப் பிடித்தார், முக்கினார், முகம் சிவந்தது. கை இறங்கவில்லை.

"தொட்டா என்னக்கா கிடைக்கும்? கீழ ஏதாச்சும் விழுந்தா எடுத்துக் குடுக்கத்தான் பயலுக இருக்காய்ங்களே."

"பின்தொடை இரும்பு மாதிரி இருக்கு. இப்படியே ஓடிட்டு இருந்தா ஒருநாள் டப்புன்னு கிழியும்" என்றார் அக்கா. வாழ்த்துச் சொல்லும் குரலில்தான் இதையும் சொன்னார். அவருக்குக் குரல் ஒன்றுதான்.

அன்றிலிருந்து எங்கள் கஷ்டகாலம் ஆரம்பித்தது. ஆட்டத்துக்கு முன்னால் காலை வீசி, இடுப்பைச் சுழற்றி, ஓடிக்கொண்டே உடம்பைச் சூடாக்கவேண்டும். ஆட்டம் முடிந்த பிறகு உட்கார்ந்து, நீட்டி, அசையாமல் பிடித்திருக்கவேண்டும். மாற்றிச் செய்தால் திட்டு விழும். "வெளாடறதுக்கு முன்னாடியே இழுத்து வச்சுக்கிட்டு உட்காந்தா தசை தூங்கிரும் தம்பி. அப்புறம் எந்தக் காலால பாய்வீங்க?" நீட்டிப் பிடிக்கும்போது முப்பது வரை எண்ணுவது அவர் பொறுப்பு. எண்ணுவதோ அவர்கள் வீட்டு மொழியில். முப்பது எப்போது வரும் என்று எங்களுக்குத் தெரியாது. பாதியில் போன் வந்தால் அதே மொழியில் பேசுவார். எண்ணுகிறாரா, வீட்டில் குழம்புக்குப் புளி போட்டாயா என்று கேட்கிறாரா என்பது புரியாமல் நாங்கள் காலை நீட்டியபடி நடுங்கிக்கொண்டிருப்போம்.

மாடியில் நடக்கும் சிகிச்சை இன்னும் மோசம். குப்புறப் படுக்கச் சொல்லி முழங்கையை இடுப்புக்குக் கீழே வைத்து அழுத்துவார். ரப்பர் பந்து ஒன்றை அடியில் வைத்து அதன்மேல் உட்காரச் சொல்வார். பத்துப் பேர் மேலே விழுந்தாலும் முனகாத பயல்கள் அங்கே அம்மாவைக் கூப்பிட்டார்கள். மிட்டாய்க் கடைக்காரர் ஒருநாள் படியேறி வந்து கும்பிட்டார்.

"அம்மா, தப்பா நெனைக்காதீக. மேல யாரையோ போட்டு அடிக்கிறாய்ங்கன்னு நெனச்சு, அல்வா வாங்க வந்தவுக திரும்பிப் போறாக. வெரசா முடிக்க முடியாதா?"

"உங்க தோளு ரெண்டும் முன்னாடி வளைஞ்சிருக்கே. தராசுப் பக்கமே குனிஞ்சு நிக்கிறீங்களோ? இங்க உட்காருங்க" என்றார் அக்கா. மிட்டாய்க் கடைக்காரர் கத்தியது கடைத்தெரு வரை கேட்டதாகச் சொன்னார்கள். மறுநாளிலிருந்து அவர் கடையில் பக்திப் பாட்டைச் சத்தமாக வைத்தார். புகார் சொல்ல மட்டும் மறுபடி மேலே வரவில்லை.

இதுதான் அவருடைய குணம். இறுகிய உடம்பு ஒன்று கண்ணில் பட்டால் அவரால் சும்மா இருக்கமுடியாது. அது யாருடைய உடம்பு, என்ன நேரம், எந்த இடம் என்று பார்க்கத் தெரியாது. எங்கள் அணிப் பையன் ஒருவனின் தங்கை கல்யாணத்துக்கு வந்தவர், போட்டோ எடுக்க மேடை ஏறினார். மாப்பிள்ளை விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். கல்யாணப் பயம் என்று நாங்கள் நினைத்தோம். அக்கா கண்ணுக்கு அது கழுத்துத் தசை. மொய்க் கவரை எங்களிடம் கொடுத்துவிட்டு மாப்பிள்ளையின் பின்னால் போய் நின்று பிடிக்க ஆரம்பித்துவிட்டார். "இவுக யாரு, பொண்ணுக்கு அத்தையா? இது என்ன சடங்கு?" என்று சம்பந்தி வீட்டுக்காரர்கள் எங்களைக் கேட்டார்கள். மாப்பிள்ளை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் கீழக்கா" என்றார்.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ளவேண்டும். அந்த வருஷம் எங்கள் அணியில் ஒருவரும் நொண்டவில்லை. முந்தின வருஷமெல்லாம் பாதி அணி கட்டுப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்க்கும். இப்போது எல்லோரும் முழுசாக இருந்தோம், ஜெயித்தோம். ஒருநாள் மைதானத்து மோட்டார் ரூமுக்குப் பின்னால் தண்ணீர் குடிக்கப் போனபோது பாண்டி அண்ணனைப் பார்த்தேன். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குனிந்தார். கால் பெருவிரலைத் தொட்டார். நிமிர்ந்தார். நம்பமுடியாதவர் மாதிரி மறுபடி குனிந்து தொட்டார். பிறகு தனியாகச் சிரித்துக்கொண்டார். நான் சத்தமில்லாமல் திரும்பி வந்துவிட்டேன்.

இறுதி ஆட்டம் திருநகரில் நடந்தது. எதிரணி ஆனையூர். மாநில முகாமுக்கு ஆள் எடுக்கிறவர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஜெயிக்கிற அணியிலிருந்து சிலரைக் கூப்பிடுவார்கள் என்று பேச்சு. முகாமுக்குப் போனால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு ஒரு கதவு திறக்கும். எங்களில் பலருக்கு வயது வரம்பைத் தாண்ட இன்னும் நாள் இருந்தது. பாண்டி அண்ணனுக்கு அதுதான் கடைசி வருஷம். அவர் மனைவிக்கு அப்போது நிறைமாதம். "இது மட்டும் ஆச்சுன்னா லோடு வண்டிய வித்துருவேன் மாப்ள" என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடிய ஒரு நிமிஷம்போல இருந்தது. நாங்கள் இரண்டு பாயிண்ட் முன்னால். ஆனையூருக்குக் கபடி பாடி வருகிறவன் முத்து என்ற ஒல்லிப் பையன். அன்று முழுவதும் எங்களுக்குத் தண்ணி காட்டியவன், திடீரென்று காலைப் பிடித்துக்கொண்டு அவர்கள் பக்கத்திலேயே விழுந்தான். கெண்டைக்கால் உருண்டு கல்லாக நின்றது. நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். அவர்கள் அணியில் வைத்தியம் தெரிந்தவர் இல்லை. ஒருவன் தண்ணீர் ஊற்றினான், ஒருவன் காலில் குத்தினான், ஒருவன் முழங்காலை மடக்கினான். முத்து துடித்தான். எங்கள் ஆட்கள் துண்டை வீசி ஆடவே ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் அப்போது அக்காவைப் பார்த்தேன். நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். "ஐயோ, அப்படி மடக்காதீங்க" என்று தனக்குள் சொன்னார். பிறகு எழுந்தார். நாங்கள் நிறுத்துவதற்குள் ஆடுகளத்தின் நடுக்கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டார். எல்லோரையும் விலக்கி உட்கார்ந்தார். முத்துவின் முழங்காலை நேராக நீட்டி, பாதத்தை அவன் முகத்தைப் பார்த்து மெதுவாகத் தள்ளிப் பிடித்தார். அவருடைய மொழியில் எண்ண ஆரம்பித்தார். எங்கள் பக்கம் ஒரே கூச்சல்.

"யக்கா! அது அவிய்ங்க ஆளுக்கா! இங்கிட்டு வாங்க!"

அவர் காதில் ஏறவில்லை. இறுக்கம் விட்டதும் உள்ளங்கையால் நீளமாக நீவி விட்டார். முத்து எழுந்து நின்றான். இரண்டு குதி குதித்துப் பார்த்தான். "காலுக்கு எண்ணெய் தடவிட்டாங்க!" என்று எங்கள் தலைவர் கத்தினார். நடுவர் மண்டியிட்டு, முத்துவின் கெண்டைக்காலைத் தொட்டுப் பார்த்து, குனிந்து மோந்தும் பார்த்தார். "வேர்வைதான்" என்று தீர்ப்புச் சொன்னார்.

கடைசிப் பாட்டுக்கு முத்து வந்தான். பாண்டி அண்ணன் பாய்ந்து அவன் கணுக்காலைப் பிடித்தார். அக்கா நீட்டிவிட்ட அதே கால். எந்தக் கால் வந்தாலும் அந்தக் கையிலிருந்து போனதாகச் சரித்திரம் இல்லை. அந்தக் கால் போனது. உதவிக்கு மேலே விழுந்த என்னையும் இன்னொருவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு முத்து கோட்டைத் தொட்டான். மூன்று பாயிண்ட். ஒன்றில் தோற்றோம்.

பாண்டி அண்ணன் மண்ணில் குப்புறக் கிடந்தார். யாரும் அவர் பக்கத்தில் போகவில்லை. தலைவர் நேரே அக்காவிடம் போனார்.

"யாரும்மா உங்களுக்குச் சம்பளம் குடுக்குறது?"

"நீங்கதாண்ணே."

"அப்புறம் எதுக்கு அவன் காலைப் போய்ப் பிடிச்சீக?"

"அவனுக்குத்தானேண்ணே பிடிச்சிருந்துச்சு?"

தலைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நாளையிலருந்து வராதீக" என்றார். அக்கா தலையை ஆட்டிவிட்டு, ரப்பர் பந்துகளைப் பையில் போட்டுக்கொண்டு, நொண்டாமல் நடந்துபோகிற எங்களை ஒருமுறை பார்த்துவிட்டுப் பஸ் ஏறப் போனார்.

மறுநாள் நான் மாடிக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். "நீங்க போகாம இருந்திருந்தா நாங்க ஜெயிச்சிருப்போம்க்கா. பாண்டி அண்ணனுக்கு வேலை கிடைச்சிருக்கும்" என்றேன்.

"எவ்வளவு வித்தியாசத்துல தோத்தீங்க?" என்று கேட்டார். பாயிண்ட் பற்றி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஒரு பாயிண்ட்."

"ஒண்ணுங்கிறது கபடியில கம்மியா, ஜாஸ்தியா தம்பி?"

கிண்டல் இல்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். சண்டை அங்கேயே முடிந்துவிட்டது.

அந்த வாரத்திலேயே இன்னொரு கூத்து நடந்தது. திருநகரில் யாரோ போனில் எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்ற ஆரம்பித்தது. அக்கா எதிரணிப் பையன் காலைப் பிடித்துவிடுகிறார், பின்னால் சோகமான வயலின். மதுரைக்காரர்களின் மனிதநேயம் என்று முன்பின் தெரியாதவர்களெல்லாம் எழுதினார்கள். பாராட்டி எழுதியவர்களில் எங்கள் பக்கம் நின்று கெட்டவார்த்தை சொல்லிக் கத்தியவர்களும் இருந்தார்கள்.

தலைவர் வீடியோவைப் பலமுறை பார்த்தார் என்று கேள்வி. பிறகு பழங்காநத்தம் முக்கில் ஒரு பிளக்ஸ் முளைத்தது. இரண்டு மாடி உயரத்துக்குத் தலைவர் கும்பிட்டபடி நின்றார். மேலே 'எதிரணிக்கும் இரங்கிய இதயமே!' என்று எழுத்து. அந்த இதயம் தலைவருடையது. காலடியில் ஸ்டாம்பு அளவில் அக்காவின் படம், பெயரில் ஒரு எழுத்துப் பிழை. வேலையை விட்டு நிறுத்திய செய்தி பிளக்ஸில் இடம் பெறவில்லை.

அக்கா அதன் முன்னால் வெகுநேரம் அண்ணாந்து நின்றார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"இங்க பாருங்க தம்பி. கழுத்து இடப்பக்கமா சாயுது. வலது தோளு ஏறியே நிக்குது. நேர்ல தெரியலை. இம்புட்டுப் பெரிசா அடிச்சதுனால நல்லாத் தெரியுது."

பாராட்டு விழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. பிளாட் வாங்கியவர்கள், வாங்கப் போகிறவர்கள், நாங்கள், எல்லோரும் வந்திருந்தோம். முத்துவையும் அழைத்திருந்தார்கள். தலைவர் விளையாட்டைவிட மனிதம் பெரிது என்று நெடுநேரம் பேசினார். பிறகு பொன்னாடையை விரித்து, அக்காவின் தோளில் போர்த்தக் கையைத் தூக்கினார்.

வலது கை மார்போடு நின்றுவிட்டது. மறுபடி தூக்கினார். முகம் கோணியது. போட்டோக்காரர், "கொஞ்சம் மேல தூக்குங்கண்ணே" என்றார். தலைவரால் முடியவில்லை. அக்காவின் கண் மாறியதை நான் பார்த்தேன். போச்சு என்று நினைத்தேன்.

"எத்தனை நாளா இப்படி இருக்குண்ணே?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் பொன்னாடையை வாங்கி மேசையில் போட்டார். தலைவரைத் திருப்பி, மேடையின் தூணில் கையை ஊன்ற வைத்து, மார்புக்கும் தோளுக்கும் நடுவில் கட்டைவிரலை இறக்கினார். சட்டையில் குத்தியிருந்த மைக் அணைக்கப்படவில்லை. "ஆத்தாடி! விட்ருங்கம்மா! செத்தேன்!" என்று மண்டபம் முழுக்கத் தலைவரின் குரல் எதிரொலித்தது. அக்கா அசையவில்லை, அவர் மொழியில் எண்ணிக்கொண்டிருந்தார். தலைவரின் அடியாட்கள் மேடையில் ஏறுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்கள். முதல் வரிசைப் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார்கள்.

"இப்பத் தூக்குங்க."

தலைவர் பயந்து பயந்து தூக்கினார். கை தோளைத் தாண்டி, காதைத் தாண்டி ஏறியது. விழாவை நடத்தியவர் சுதாரித்துக்கொண்டு, "தலைவர் கை ஓங்கிவிட்டது!" என்று முழங்கினார். விசில் பறந்தது. தலைவர் நம்பமுடியாமல் தன் கையையே பார்த்தார். கைதட்டல் நிற்கும்வரை அதை இறக்கவில்லை.

"இது இன்னைக்கு மட்டும்தாண்ணே. நாளைக்கு மறுபடி இறுகிரும். தினமும் நீங்களே செஞ்சாத்தான் நிக்கும்" என்றார் அக்கா. அதுவும் மைக்கில் கேட்டது. "அக்கா என்னைக்கும் நம்ம டீம்தான்" என்று அறிவித்துத் தலைவர் பொன்னாடையை எடுத்து அவர் தோளில் போர்த்தினார். எந்த டீம் என்று அக்கா கேட்கவில்லை.

கூட்டம் கலைகிற நேரத்தில் முத்து எங்கள் வரிசைக்கு வந்தான். பாண்டி அண்ணன் முன்னால் நின்று கையை நீட்டினான். "அண்ணே, உங்க பிடி மாதிரி ஒரு பிடிய நான் பார்த்ததே இல்லண்ணே." பாண்டி அண்ணன் அந்தக் கையைப் பார்த்தார். அவனுக்கு முகாமுக்குக் கடிதம் வந்துவிட்டது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைப் பிடிக்காமல் வெளியே நடந்தார். மேடையிலிருந்து அக்கா அதைப் பார்த்தார். பாண்டி அண்ணனின் காலை அவர் பார்க்கவில்லை. முகத்தைத்தான் பார்த்தார். அவர் ஒருவர் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்து நான் அதற்குமுன் கண்டதில்லை. தோளில் பொன்னாடை பாதி சரிந்துகிடந்தது, சரிசெய்யவில்லை.

இன்னும் ஒரு வருஷம்போல அவர் எங்களோடு இருந்தார். பிறகு கணவருக்கு வேறு ஊர் மாற்றலாகி, மாடியைக் காலி செய்துவிட்டுப் போனார். அந்த அறையில் இப்போது மிட்டாய்க் கடையின் பாத்திரங்கள் இருக்கின்றன. முத்துவுக்கு அரசு வேலை கிடைத்துவிட்டது. தலைவர் கூட்டங்களில் இரண்டு கையையும் தூக்கித்தான் கும்பிடுகிறார்.

பாண்டி அண்ணன் இன்றைக்கும் லோடு வண்டிதான் ஓட்டுகிறார். சிமெண்ட் மூட்டை ஏற்றி இறக்குகிற வேலையில் அவர் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் இடுப்புப் போய்விட்டது, அவர் ஒருவரைத் தவிர. சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் நாங்கள் நாலு பேர் கூடுவோம். பேச்சு எங்கெங்கோ சுற்றி அக்காவிடம் வந்து நின்றால், "அந்தம்மா பேச்ச எடுக்காதீங்கடா" என்பார். மன்னித்ததே இல்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். எழுந்திருக்கும்போது மட்டும், இரண்டு பாதத்தையும் பின்னால் இழுத்து, முதுகை நிமிர்த்தி, குதிகாலில் பாரத்தை வைத்து, எதையும் பிடிக்காமல், அக்கா சொல்லிக்கொடுத்தபடியே எழுந்திருப்பார்.